கொரிந்து ஊரின் நான்கு கட்சிகள்

(பொதுக்காலம் 3ஆம் ஞாயிறு, 25.01.2026 அன்று வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம். வாசகங்கள்: 1 கொரி 1:10-13, 17, மத் 4:12-23)



இன்றைய ஞாயிறு கொஞ்சம் நெரிசலான ஞாயிறு. திருச்சபை இன்று இறைவார்த்தை ஞாயிறு கொண்டாடுகிறது. சனவரி 18 முதல் நாம் செபித்துவந்த கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் இன்று முடிகிறது. வழக்கமாக சனவரி 25 புனித பவுலின் மனமாற்றத் திருவிழா. இந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமைக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நாட்டுக்கும் இது ஒரு நாள். 1950 சனவரி 25இல் நம் தேர்தல் ஆணையம் தொடங்கப்பட்டது. அதன் நினைவாக 2011 முதல் இந்த நாளைத் தேசிய வாக்காளர் நாள் என்று கடைப்பிடிக்கிறார்கள். தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலை நெருங்கிக்கொண்டிருக்கும் நேரம். இந்த நாளில் நான் தேடிப் பிடிக்காமலேயே, வாசக அட்டவணைப்படி, இரண்டாம் வாசகமாகக் கட்சிச் சண்டையைப் பற்றிய பகுதி வந்து நிற்கிறது. ஆண்டவர் கொடுத்ததை விட்டுவிட்டு வேறு எதைப் பேசுவது?

கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த ஊர். வியாபாரம், பணம், பல தேசத்து மக்கள். பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கிச் சபையை உருவாக்கினார். அவருக்குப் பிறகு அப்பொல்லோ வந்தார். அலெக்சாந்திரியாக்காரர், நன்றாகப் பேசுகிறவர். பவுல் நேரில் பேசினால் எடுபடாது என்று அந்த ஊரிலேயே சிலர் குறை சொன்னதை இரண்டாம் கொரிந்தியர் திருமுகத்தில் பார்க்கிறோம். ஆகவே அப்பொல்லோ பேசியதும் ஒரு கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மேடைப் பேச்சில் மயங்குவது தமிழருக்கு மட்டும் உள்ள குணமல்ல என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். இன்னொரு கூட்டம் கேபா, அதாவது பேதுருவின் பெயரைச் சொன்னது. பழைய ஆட்கள் பவுலை விடவில்லை. நான்காவதாக ஒரு கூட்டம், நாங்கள் கிறிஸ்துவைச் சேர்ந்தவர்கள் என்றது. அந்த நான்காவது கூட்டத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இதில் பவுல் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அப்பொல்லோவின் ஆட்களைக் கண்டித்து எழுதியிருக்கலாம், அவர்கள் பிறகு வந்தவர்கள். பேதுருவின் ஆட்களை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களைத்தான் பிடித்துக்கொள்கிறார். உங்களுக்காகச் சிலுவையில் தொங்கியது பவுலா, பவுலின் பெயரைச் சொல்லியா உங்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கிறார். இன்று நாம் வாசிக்காமல் விட்ட 14 முதல் 16 வரையான வசனங்களை வீட்டில் எடுத்துப் பாருங்கள். கிறிஸ்பு, காயு, ஸ்தேவனா வீட்டார் தவிர வேறு யாருக்கும் நான் திருமுழுக்குக் கொடுத்ததாக நினைவில்லை, அதுவே நல்லது என்கிற பொருளில் எழுதுகிறார். தன் ஆதரவாளர் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லத் தெரியாத, அதில் சந்தோஷமும் படுகிற ஒரு தலைவர்!

சகோதர சகோதரிகளே, கட்சியில் இருப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அரசியல் பொறுப்பை ஏற்று மக்களுக்கு உழைப்பவர்களை இரண்டாம் வத்திக்கான் சங்கம் பாராட்டியே பேசியிருக்கிறது. நம் ராஜபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். அவரும் கட்சிக்காரர்தான். குருக்களாகிய எங்களுக்குத் திருச்சபைச் சட்டம் 287 கட்சிப் பணியை விலக்கி வைத்திருக்கிறது. எனக்கும் ஓட்டு உண்டு. அது யாருக்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் கட்சி என்பது ஒரு கருத்து மட்டுமல்ல. வேட்டியின் கரையைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தலைவர் வருகிற வரைக்கும் மாதக்கணக்கில் காத்திருந்த பெற்றோர் இருக்கிறார்கள். தலைவர் தாலி எடுத்துக் கொடுத்தால்தான் கல்யாணம். எந்தப் பெயரால் திருமுழுக்கு என்ற பவுலின் கேள்வி நம் ஊருக்கென்றே எழுதியது போலிருக்கிறது. 1972இல் எம்.ஜி.ஆர். பிரிந்து போனபோது கட்சி மட்டும் இரண்டாகவில்லை, எத்தனையோ வீடுகளிலும் ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே என்று ஆனது. நான் அப்போது கைக்குழந்தை. ஆனால் அந்தச் சண்டையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

அப்போதும் ஊடகம் இருந்தது. இங்கே இயக்கங்கள் வளர்ந்ததே பத்திரிகையால்தான். 1925இல் குடி அரசு, 1937இல் ஜனசக்தி, 1942இல் முரசொலி, 1963இல் தீக்கதிர் என்று ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு தாள். அவை தங்கள் பக்கத்தைத்தான் எழுதின, அதை மறைக்கவும் இல்லை. டீக்கடையில், முடிதிருத்தும் கடையில், படிப்பகத்தில் ஒரே தாளை எட்டுப் பேர் பிரித்துப் பிரித்துப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் உரக்க வாசிப்பார். ‘இங்கே அரசியல் பேசாதீர்கள்’ என்று கடைக்காரர் பலகை மாட்டியிருப்பார். அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் பேசுவார்கள். அதில் ஒரு நன்மை இருந்தது. ஒருவர் ஒரு செய்தியை வாசித்தால், அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எதிர்க்கட்சிக்காரர், ‘அண்ணாச்சி, அது அப்படி இல்லை’ என்று அங்கேயே சொல்வார். சத்தம் போடுவார்கள், கிளாஸைக் கழுவிவைத்துவிட்டு ஒன்றாக எழுந்து போவார்கள்.

தொலைக்காட்சி வந்தது. 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் கேப்டன். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு கட்சியோடு உறவு. 2006இலிருந்து அரசே வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாக வீட்டுக்குக் கொடுத்தது. டீக்கடை பெஞ்சில் நடந்த வாசிப்பு வீட்டுக்குள் போனது. ஒரே மழையில், ஒரே ஊரில், ஒரு சேனலில் வெள்ளம், இன்னொரு சேனலில் நிவாரணம். ஆனாலும் வீட்டில் நாலு பேர் சேர்ந்துதான் பார்த்தார்கள்.

இப்போது செல்போன், காதில் ஒரு கருவி. அப்பா பார்ப்பது அம்மாவுக்குத் தெரியாது, அண்ணன் பார்ப்பது தம்பிக்குத் தெரியாது. நீங்கள் எதை நின்று பார்க்கிறீர்களோ அதைப் போலவே இன்னொன்றைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் அந்தக் கருவியின் ஏற்பாடு. கோபப்பட்டுப் பார்த்தாலும் அது பார்த்ததாகவே கணக்கு. ஆக, நம்மைக் கோபப்படுத்துவது வரிசையாக வந்துகொண்டே இருக்கும். எதிரே உட்கார்ந்து ‘அது அப்படி இல்லை’ என்று சொல்ல ஒருவரும் கிடையாது. (வானொலியில் பேசிக்கொண்டே ஊடகத்தைக் குறை சொல்கிறாரே சாமியார் என்று சிலர் சிரிக்கக்கூடும். நியாயம்தான். நீங்களும் எனக்குப் பதில் சொல்ல முடியாது.)

கடந்த செப்டம்பர் 27, சனிக்கிழமை இரவு. கரூரில் தமிழக வெற்றிக் கழகத்தின் பிரசாரக் கூட்டத்தில் நெரிசல். 41 பேர் இறந்தார்கள். அதில் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சின்னக் குழந்தைகள். ஆஸ்பத்திரி வாசலில் யார் பிள்ளை யார் என்று தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த இரவே நம் செல்போன்களுக்கு இரண்டு வகைக் காணொளிகள் வந்து சேர்ந்தன. ஒன்று, இது சதி என்றது. மற்றது, இது நடிகரைப் பார்க்கப் போனவர்களின் முட்டாள்தனம், நடத்தியவர்களின் பொறுப்பின்மை என்றது. விசாரிக்க வேண்டியது உண்டு. அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ. விசாரணைக்கு அனுப்பியது. உண்மை அங்கே தெரியட்டும். நான் கேட்பது வேறு. இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல்கூட முழுமையாக வராத அந்த இரவில், யாரைக் குற்றம் சொல்வது என்பது மட்டும் நமக்கு எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது? ஒரு குழந்தையின் சடலத்தைப் பார்க்கிறபோது, இதனால் நம் கட்சிக்கு லாபமா நட்டமா என்று மனது முதலில் கணக்குப் போட்டதென்றால், அந்த மனதில் ஏதோ நோய் புகுந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. பெயரும் ஊரும் வேண்டாம், இந்தப் பக்கத்து மனிதர்கள்தான். அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. முப்பது வருடமாக அப்படித்தான். தேர்தல் வந்தால் வீட்டின் இந்த மூலையில் ஒரு கொடி, அந்த மூலையில் ஒரு கொடி. அம்மா இருவருக்கும் ஒரே சட்டியிலிருந்துதான் குழம்பு ஊற்றுவார்கள். வாக்குவாதம் முற்றினால் கரண்டியைக் காட்டுவார்கள், அதோடு முடிந்துவிடும். அம்மா இறந்து சில வருடம் ஆகிறது. கரூர் நடந்த வாரம், குடும்ப வாட்ஸாப் குழுவில் அண்ணன் ஒரு காணொளி போட்டார். தம்பி அதற்கு எதிராக இரண்டு போட்டார். மச்சான், மருமகன் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். இரவு பன்னிரண்டு மணிக்குத் தம்பி குழுவைவிட்டு வெளியேறினார். அதன்பிறகு பேச்சு இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசைக்குக் கருத்துகள் எழுதி வந்தன. ஒரே அம்மாவின் பெயர், ஒரே பூசைக்கு, இரண்டு சீட்டுகளில், இரண்டு கையெழுத்தில். நான் அந்த அம்மாவின் பெயரை இரண்டு முறை வாசித்தேன். கல்லறையில் மெழுகுதிரியும் தலைமாட்டில் ஒரு வரிசை, கால்மாட்டில் ஒரு வரிசை.

அந்த இருவரும் கரூருக்குப் போனவர்கள் அல்லர். இருவருக்கும் அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. வேறு யாரோ எடுத்து, வேறு யாரோ வெட்டி ஒட்டி, வேறு யாரோ பின்னணி இசை சேர்த்த மூன்று நிமிடங்களுக்காக ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் முகம் பார்ப்பதில்லை.

பொய்ச் செய்தி என்ன செய்யும் என்று தமிழர்களாகிய நமக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வட மாநிலங்களில் காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றம்வரை அது போய்விட்டது. தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கம் சொன்னார்: ஒரு காணொளி பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த தகராறு, இரண்டும் பழையவை. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. காணொளியைப் பரப்பிய யூடியூபர் ஒருவர் கைதானார். அதற்குள் எத்தனையோ பேர் பயந்து மூட்டை கட்டிவிட்டார்கள். நம் பக்கத்து நூற்பாலைகளிலும் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். சிலர் ஞாயிறு திருப்பலிக்கும் வருவார்கள். அந்த வாரம் ஒரு பையனுக்கு ஊரிலிருந்து அவன் அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறை அழைத்ததாகச் சொன்னான். அவன் எங்கள் கோவில் வாசலில் நின்று, பின்னால் மணிக்கூண்டு தெரிய, வீடியோ அழைப்பில் தன் முகத்தைக் காட்டினான். அந்த அம்மா பொய் சொல்கிறவர் இல்லை, கெட்டவரும் இல்லை. தனக்கு வேண்டியவர்கள் அனுப்பியதை நம்பினார், அவ்வளவுதான். நாமும் அப்படித்தான் நம்புகிறோம்.

கொரிந்துக்குத் திரும்புவோம். அந்த ஊர்ச் சண்டை எபேசில் இருந்த பவுலுக்கு எப்படித் தெரிந்தது? குலோயி வீட்டார் சொன்னார்கள் என்று கடிதத்திலேயே எழுதுகிறார். ‘தெரிந்த வட்டாரங்கள்’ என்று எழுதவில்லை, ‘பலரும் சொல்கிறார்கள்’ என்றும் எழுதவில்லை. யார் சொன்னது என்று பெயர் இருக்கிறது. கொரிந்தில் இருப்பவர்கள் போய்க் கேட்கலாம். இதே கடிதத்தின் 11ஆம் அதிகாரம் 18ஆம் வசனத்தில் மறுபடியும் பிளவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொல்லும்போது, அதில் ஒரு பகுதியை நம்புவதாக மட்டும் சொல்கிறார். குருமடத்தில் எத்தனையோ முறை படித்த வசனம். இந்த செல்போன் காலத்தில்தான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. காதில் விழுந்ததை முழுவதும் நம்பவும் இல்லை, முழுவதும் தள்ளவும் இல்லை. கேட்ட செய்தியில் எவ்வளவுக்கு இடம் கொடுக்கலாம் என்று ஒரு திருத்தூதர் நிதானிக்கிறார்.

இதை நாம் யாரிடம் முதலில் பழக வேண்டும்? பவுல் செய்தது போல, சொந்தத் தரப்பிடம். எதிர்த் தரப்பு அனுப்புகிற செய்தியை நாம் எல்லோரும் சந்தேகப்படுகிறோம், அதற்குப் பயிற்சி தேவையில்லை. நமக்குப் பிடித்த தலைவரைத் தூக்கிவைத்தும், பிடிக்காதவரை மட்டம் தட்டியும் வருகிறதே, அதை யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எந்த ஊர் என்று கேட்டிருக்கிறோமா? நம் பக்கத்துக்குச் சாதகமான ஒரு செய்தியை, இது உண்மையா தெரியவில்லை என்று அனுப்பாமல் விட்ட நாள் ஒன்று நினைவுக்கு வருகிறதா? இன்று ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகிறவர்கள் இதையும் ஆன்மச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறர்மேல் பொய்ச்சான்று சொல்வதைத் தடுக்கும் கட்டளை, விரலால் தட்டி அனுப்புவதற்கும் சேர்த்துத்தான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு எழுதிய செய்தியில், முதல் பொய்ச் செய்தியைப் பரப்பியது ஏதேன் தோட்டத்துப் பாம்பு என்று காட்டினார். பாம்பு ஏவாளின் நலனில் அக்கறை உள்ளவன் போலத்தானே பேசியது.

இன்னொன்றும் உண்டு. அதே கடிதத்தின் கடைசி அதிகாரம், 12ஆம் வசனம். சகோதரர் அப்பொல்லோவை உங்களிடம் போகும்படி நான் வற்புறுத்திக் கேட்டேன் என்று பவுல் எழுதுகிறார். பார்த்தீர்களா? பவுலுக்கும் அப்பொல்லோவுக்கும் சண்டையே இல்லை! பெயர் சொல்லி அடித்துக்கொண்டவர்கள் கொரிந்துக்காரர்கள். 1987 டிசம்பர் 24 பலருக்கு நினைவிருக்கும். எம்.ஜி.ஆர். இறந்த நாள். செய்தி கேட்டு, பதினைந்து வருடம் எதிரெதிரே நின்ற கலைஞர் இராமாவரம் வீட்டுக்குப் போய் அஞ்சலி செலுத்தினார். அதே நாளில் சென்னை அண்ணா சாலையில், அவருடைய சிலையைக் கடப்பாரையால் உடைத்தார்கள். பழைய நண்பன் நண்பனுக்காகப் போய் நின்றார். அவர்களுக்காகச் சண்டை போட்டவர்கள் சிலையில் ஏறி நின்றார்கள். இன்றும் எதிரெதிர்க் கட்சித் தலைவர்கள் ஒரே கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், அது நல்ல பழக்கம். நம் அண்ணனும் தம்பியும் அதையாவது பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இனி அந்த நான்காவது கூட்டம், கிறிஸ்துவைச் சேர்ந்தவர்கள். அவர்கள் சொன்னது சரிதானே என்று தோன்றும். பவுல் அவர்களையும் மற்ற மூவரோடு சேர்த்தே வரிசையில் நிறுத்துகிறார். கிறிஸ்துவையும் ஒரு கட்சித் தலைவராக்கி, அவர் எங்களுக்கு மட்டும் என்று சொல்ல முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இது நம் பங்குக்கு. தேர்தல் நேரத்தில் அன்பியக் குழுக்களில் ‘நல்ல கத்தோலிக்கன் இவருக்குத்தான் ஓட்டுப் போடுவான்’ என்று வரும். ஆயர் பெயரைப் போட்டு, கையெழுத்தில்லாத அறிக்கை வரும். அதே விசுவாசம் உள்ள இருவர், அதே நேர்மையோடு, ஒரு பிரச்சினைக்கு வேறு வேறு வழி காணலாம். தன் கருத்துக்கு மட்டும் திருச்சபையின் அதிகாரம் இருப்பதாக யாரும் உரிமை கொண்டாடக் கூடாது என்பது ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏட்டின் 43ஆம் எண்ணில் உள்ள போதனை. 1965 டிசம்பரில் வெளிவந்தது. அறுபது வருடம் ஆகியும் நாம் அதை எட்டவில்லை.

இன்றைய நற்செய்தியில் இயேசு கலிலேயக் கடலோரம் நடந்து நான்கு மீனவர்களை அழைக்கிறார். பின்னர் அந்தக் கூட்டத்தில் வரி வாங்கும் தொழில் செய்த மத்தேயுவும், தீவிரவாதி என்று பெயர் வாங்கிய சீமோனும் சேர்கிறார்கள். அந்தக் காலத்தில் தீவிரவாதிகள் தனிக் கட்சியாகவே இருந்தார்களா என்று அறிஞர்கள் விவாதிப்பது உண்டு, அதை விட்டுவிடுவோம். அந்தப் பெயர் ஒருவருக்கும் இந்தத் தொழில் ஒருவருக்கும் இருந்தது. மூன்று வருடம் ஒரே பாதையில் நடந்து, ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். இரவில் என்ன பேசிக்கொண்டார்களோ! சுவிசேஷகர்கள் எழுதி வைக்கவில்லை.

கடைசியாக வாக்காளர் நாளுக்கான ஒரு வேலை. தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்து, டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தது. 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் நீக்கப்பட்டிருக்கின்றன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இங்கேயே உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரும் விட்டுப் போயிருக்கலாம். உங்கள் பெயர் இருக்கிறதா என்று வாக்குச்சாவடி அலுவலரிடம் பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6 வாங்கி நிரப்புங்கள். பார்த்து முடித்ததும், உங்கள் தெருவில் வேறு கரை வேட்டி கட்டுகிறவர், உங்கள் காணொளியைப் பார்த்துச் சண்டைக்கு வந்தவர் யாராவது இருந்தால், அவர் வீட்டுப் பெயர்களும் இருக்கின்றனவா என்று அதே பட்டியலில் தேடுங்கள். விட்டுப் போயிருந்தால் இன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, கையோடு ஒரு படிவத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.